மரம் நடுவது அப்புறம், முதலில் கதவைத் திறங்கள்: கழிமுகங்களைக் காப்பது எப்படி?

கோலாலம்பூர், கோல சிலாங்கூர், கோல திரங்கானு, கோல கங்சார். இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் முதலில் வரும் "கோல" என்ற மலாய்ச் சொல்லுக்கு என்ன பொருள்?

ஓர் ஆறு கடலிலோ இன்னோர் ஆற்றிலோ போய்ச் சேரும் இடம். ஆற்றின் வாய். கடலோடு சேரும் இடமாக இருந்தால் தமிழில் அதைக் கழிமுகம் என்போம், முகத்துவாரம் என்றும் சொல்வோம். படகு வந்து சேரவும் மீன் பிடிக்கவும் வசதியான இடம் என்பதால்தான் நம் வட்டாரத்தில் இத்தனை ஊர்கள் ஆற்றின் வாயில் எழுந்தன.

சிங்கப்பூரிலும் "சுங்கை" என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம். சுங்கை என்றால் ஆறு. ஆனால் இங்குள்ள பெரிய ஆறுகளில் பெரும்பாலானவை இன்று நேராகக் கடலைத் தொடுவதில்லை. அவற்றின் வாயில் அணை நிற்கிறது.

மிச்சம் இருக்கும் கழிமுகங்களை எப்படிக் காப்பாற்றுவது? கெட்டுப்போனவற்றை மீட்க முடியுமா? கேட்டதும் பலருக்கு மனத்தில் வருவது மரம் நடுவதுதான். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

கழிமுகத்தில் அப்படி என்ன இருக்கு?

சுருக்கமாகச் சொன்னால், போக்குவரத்து. தண்ணீரின் போக்குவரத்து.

ஆறு மேலிருந்து நன்னீரையும் வண்டலையும் கொண்டுவருகிறது. கடல் நாளுக்கு இரண்டு முறை உள்ளே வந்து, இரண்டு முறை வெளியே போகிறது. ஜொகூர் நீரிணையில் பெரிய அலையேற்றத்தின்போது நீர்மட்டம் சுமார் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏறத்தாழ ஒரு வீட்டு மாடியின் உயரம் அது.

ஆற்று நீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் உப்புநீரில் கலந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் படிகின்றன. கழிமுகத்தின் சேறு உருவாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பார்ப்பதற்கு வெறும் சேறுதான். ஆனால் அதற்குள் புழுக்கள், சிப்பிகள், நண்டுகள், குட்டி இறால்கள் என்று ஒரு பெரிய சமையலறையே இயங்குகிறது.

அந்தச் சேற்றின் மேல் வளர்பவைதான் சதுப்புநில மரங்கள். சேற்றுக்குள் காற்று மிகக் குறைவு. அதனால் இவை வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகின்றன. சுரபுன்னை முட்டுக்கொடுத்ததுபோல் வளைந்த வேர்களில் நிற்கும். வெண்கண்டல் பென்சில் குத்திவைத்ததுபோல் வேர்களை மேல்நோக்கி நீட்டும். அலை இறங்கும்போதுதான் அந்த வேர்களுக்கு நன்றாகக் காற்று கிடைக்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தமிழர்களுக்குப் பழக்கமான ஒரு பெயரும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயர் வரக் காரணமான தில்லை மரம் சிங்கப்பூரின் சதுப்பு நிலங்களிலும் வளர்கிறது. மலாய் மொழியில் அதற்கு "பூத்தா பூத்தா" என்று பெயர். பூத்தா என்றால் கண் தெரியாத நிலை. அதன் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை போகலாம் என்பதால் வந்த பெயர். ரசிக்கலாம், கிளையை ஒடிக்கக் கூடாது!

சிங்கப்பூரின் கழிமுகங்களுக்கு என்ன ஆச்சு?

1963-64ல் சிங்கப்பூரில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. சிறிய தீவு. பெரிய ஏரி கிடையாது. மழை நிறையப் பெய்தாலும் அதைப் பிடித்துவைக்க இடம் வேண்டும். அந்த இடமாக ஆறுகளின் வாய்கள் மாறின.

1975ல் கிராஞ்சி ஆற்றின் வாய் அடைக்கப்பட்டு நீர்த்தேக்கமானது. 1981ல் மேற்குப் பகுதியின் முராய், போயான், சரிம்பூன், தெங்கே ஆறுகள். பின்னர் சிலேத்தார். 2008ல் மரினா அணைக்கட்டு. 2011ல் பொங்கோல், சிராங்கூன். இன்று நாட்டில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீர் சேகரிக்கப்படுகிறது.

இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அதற்குக் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று. அணை கட்டியதும் அலை உள்ளே வருவது நிற்கும். உப்பு குறையும். சேறு நிரந்தரமாக நீருக்கு அடியில் போய்விடும். கழிமுகம் ஏரியாகிவிடும். ஏரியும் நல்லதுதான், அதற்கென்று வேறு உயிர்கள் வரும். கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் உருவான நன்னீர்ச் சதுப்பு நிலம் 2016ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் கழிமுகத்தில் வாழ்ந்தவற்றுக்கு அது வீடு ஆகாது.

அணைகளோடு நிலமீட்பு, இறால் பண்ணை, தொழிற்பேட்டை, வீடமைப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. 1819ஆம் ஆண்டுவாக்கில் தீவில் சுமார் 75 சதுர கிலோமீட்டர் சதுப்புநிலக் காடு இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2010ல் வெளியான ஓர் ஆய்வின்படி எஞ்சியது சுமார் 735 ஹெக்டர். பத்தில் ஒரு பங்குதான்.

இறால்காரர் கதவு பறவைகளுக்கு எப்படி உதவுகிறது?

வடமேற்குக் கரையில் இருக்கிறது சுங்கை பூலோ. "மூங்கில் ஆறு" என்று அர்த்தம். முன்பு அங்கே இறால், மீன் குட்டைகள் இருந்தன.

பழைய முறையில் இறால் வளர்க்கக் குஞ்சு வாங்க வேண்டியதில்லை. ஆற்றோரச் சதுப்பு நிலத்தைச் சுற்றி வரப்பு கட்டி, அதில் ஒரு மதகு வைப்பார்கள். அலை ஏறும்போது மதகைத் திறந்தால் தண்ணீரோடு குட்டி இறாலும் மீனும் உள்ளே வரும். மூடிவிடலாம். வளர்ந்த பிறகு அலை இறங்கும் நேரம் பார்த்துத் திறந்து, வாயில் வலையைக் கட்டினால் போதும். அலையே அறுவடை செய்துவிடும்.

1986ல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், அந்தக் குட்டைகளில் ஏராளமான வலசைப் பறவைகள் இறங்குவதைக் கவனித்தார்கள். இடத்தைப் பாதுகாக்கும்படி அரசாங்கத்திடம் கோரிக்கை வைத்தார்கள். 1989ல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். 1993 டிசம்பரில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் பூங்காவைத் திறந்துவைத்தார். 2002ல் அது 130 ஹெக்டராக விரிவடைந்து, சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதியானது. மறு ஆண்டு ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது.

இதில் சுவாரசியமான விஷயம், மதகுகளை யாரும் தூக்கி எறியவில்லை. குட்டைகளின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்த மதகுகள்தான் இன்றும் கைகொடுக்கின்றன. ஆனால் இப்போது இறாலுக்காக அல்ல. வெளியே அலை ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில், குட்டைக்குள் தண்ணீரைக் குறைத்து வைத்தால் பறவைகளுக்கு நிற்க இடம் கிடைக்கும்.

பாதுகாப்பது என்றால் வேலி போட்டுவிட்டு விலகி நிற்பது அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம். இங்கே கதவை யாராவது தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டைகளில் மரம் முளைத்து அடர்ந்துவிட்டாலும் பிரச்சினைதான். கரைப்பறவைகளுக்கு வேண்டியது திறந்த சேறு. மரம் நிறைந்த இடத்தில் அவை இறங்காது.

ஓர் இடத்தைக் காத்தால் போதுமா?

போதாது. பறவைகளே அதைக் காட்டுகின்றன.

சுங்கை பூலோவுக்குக் கிழக்கே, கிராஞ்சி அணைக்கும் ஜொகூர் கடற்பாலத்துக்கும் இடையில் இருக்கிறது மண்டாய் சேற்றுத்திட்டு. அலை இறங்கும்போது பறவைகள் அங்கே போய் இரை தேடுகின்றன. நீண்ட அலகுள்ள விம்பிரல் ஆழத்தில் இருக்கும் நண்டையும் புழுவையும் எடுக்கும். குட்டை அலகுள்ளவை மேலே இருப்பதைக் கொத்தும். அலை ஏறி மண்டாய் மூழ்கியதும் பறந்து சுங்கை பூலோவுக்கு வந்து ஓய்வெடுக்கும். ஒன்று சாப்பாட்டு மேசை, மற்றது படுக்கை. படுக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மேசையை எடுத்துவிட்டால் விருந்தாளி தங்குவாரா?

இதை மனத்தில் வைத்துத்தான் மண்டாய் சதுப்புநிலக் காட்டையும் சேற்றுத்திட்டையும் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்போவதாக 2018ல் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 72.8 ஹெக்டர். சுமார் 100 காற்பந்துத் திடல்கள். 2020ல் சுங்கை பூலோ, மண்டாய், கிராஞ்சி, லிம் சூ காங் இடங்களைச் சேர்த்து 400 ஹெக்டருக்கும் மேற்பட்ட இயற்கைப் பூங்கா கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது.

இந்தச் சங்கிலி சிங்கப்பூரோடு முடிவதும் இல்லை. இங்கே வரும் பறவைகள் பயன்படுத்தும் வான்பாதை ரஷ்யாவின் வடகோடி, அலாஸ்கா பகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலந்து வரை 22 நாடுகளைத் தொடுகிறது. ஆண்டுதோறும் 5 கோடி நீர்ப்பறவைகள் அதில் பயணம் செய்வதாகக் கணக்கு. சீனா, கொரியா கரைகளையொட்டிய மஞ்சள் கடலில் கடந்த சுமார் 50 ஆண்டுகளில் சேற்றுத்திட்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன. நடுவில் இருக்கும் ஓய்விடம் ஒன்று போனால், இரு முனைகளிலும் பறவை குறையும்.

மரம் நட்டால் சரியாகிவிடாதா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். சதுப்புநிலக் காட்டை மீட்கிறோம் என்று மரக்கன்று நடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகக் கன்றுகள், சேற்றில் நிற்கும் தொண்டூழியர்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கன்றுகளில் எத்தனை பிழைத்தன?

பிலிப்பீன்ஸ் இதில் நீண்ட அனுபவம் உள்ள நாடு. பல ஆண்டுகள், பெரும் செலவில் அங்கே மரம் நடப்பட்டது. கடல் உயிரியலாளர் ஜர்ஜீன் பிரிமவேராவும் அவருடைய சக ஆய்வாளரும் 2008ல் வெளியிட்ட ஆய்வு, நீண்டகாலத்தில் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் என்றது.

ஏன்? பெரும்பாலும் இடம் தப்பு, இனமும் தப்பு. மரங்கள் இயல்பாக வளரும் கரையோர நிலங்களில் மீன் குட்டைகள் இருந்தன. அவற்றுக்கு உரிமை கொண்டாட ஆட்கள் இருந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத, எப்போதும் நீரில் கிடக்கும் தாழ்வான திட்டுகளில் நடுவது எளிதாக இருந்தது. வேர் மூச்சு விட அலை இறங்க வேண்டும் என்று முன்பு பார்த்தோம், இல்லையா? அங்கே அலை இறங்கினாலும் போதிய நேரம் தரை தெரியாது. கன்று மூச்சுத் திணறிச் செத்துவிடும். போதாததற்கு, நடுவதற்கு எளிது என்பதற்காகத் திறந்த கடலைப் பார்த்த கரைகளில் சுரபுன்னையையே நட்டார்கள். அலையின் அடியைத் தாங்க அந்த இடங்களுக்கு வேறு இனம் தேவைப்பட்டது.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபின் லூயிஸ் பல்லாண்டுகள் சொல்லி வந்தது இதைத்தான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இங்கே மரம் ஏன் இல்லை? வரப்பு அலையைத் தடுக்கிறதா? தரை தாழ்ந்துவிட்டதா? தண்ணீர் தேங்குகிறதா? அதைச் சரிசெய்தால் பல இடங்களில் நடவே வேண்டியதில்லை. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். நீண்ட பச்சைக் குச்சிபோல் விழுந்து, அலையில் மிதந்து, பொருத்தமான சேறு கிடைத்தால் வேர் பிடிக்கும். பக்கத்தில் தாய் மரங்கள் இருந்து, அலை உள்ளே வர வழி இருந்தால் அது தானாக வந்து சேரும்.

பிச்சாவரத்தில் என்ன செய்தார்கள்?

தில்லை மரத்தின் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் கழிமுகக் காட்டில், முற்காலத்தில் சில பகுதிகளில் மரங்கள் மொத்தமாக வெட்டப்பட்டன. நிழல் போனதும் சேறு காய்ந்து, தரை தாழ்ந்து தொட்டிபோல் ஆனது. உள்ளே வந்த அலை திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாக ஆக, உப்பு ஏறியது. சதுப்புநில மரமே தாங்க முடியாத அளவுக்கு உப்பு! அதனால் பல ஆண்டுகள் ஆகியும் காடு திரும்பவில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990களில் அங்கே கால்வாய் வெட்டின. நடுவில் ஒரு பெரிய கால்வாய், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். அலை உள்ளே வந்து, வெளியேயும் போனது. உப்பு குறைந்தது. அதன் பிறகுதான் வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன, பிழைத்தன. அதே முறை முத்துப்பேட்டையிலும் பின்பற்றப்பட்டது.

சிங்கப்பூரில் மீட்க இடம் இருக்கா?

இருக்கு. புலாவ் உபினில் கைவிடப்பட்ட பழைய இறால் குட்டைகள் பல உள்ளன. வரப்பு உடைந்து அலை உள்ளே வரும் இடங்களில்கூடப் பல ஆண்டுகளாகக் காடு முழுமையாகத் திரும்பவில்லை. குட்டைக்காகத் தோண்டிய தரை தாழ்வாக இருப்பது முக்கியக் காரணம். அலை வந்து போகிறது, ஆனால் தரை போதிய நேரம் வெளியே தெரிவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வண்டல் படிந்து தரை உயர வழி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் மரம்.

ஆய்வாளர்கள், இயற்கை ஆர்வலர்கள், உபின் மீன் பிடிப்பவர்கள், தேசியப் பூங்காக் கழகம் எல்லாரும் சேர்ந்து இந்த வழியில் உபின் சதுப்பு நிலத்தை மீட்கும் முயற்சியில் இருக்கிறார்கள். தரையின் உயரத்தை அளப்பது, அலை எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்ப்பது, எந்த விதை எங்கிருந்து வருகிறது என்று கவனிப்பது. படம் எடுக்க அவ்வளவு அழகான வேலை அல்ல. ஆனால் இந்த வேலை இல்லாமல் கன்று நட்டால் மறுபடியும் நட வேண்டியிருக்கும்.

கடல் மட்டம் உயர்ந்தால்?

2024ல் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது பருவநிலை ஆய்வு, மோசமான சூழலில் 2100க்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது. சதுப்புநிலக் காடு இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். வேர்கள் வண்டலைப் பிடித்துத் தரையை மெல்ல உயர்த்தும். அலையின் வேகத்தைக் குறைக்கும். கார்பனையும் சேற்றுக்குள் பூட்டிவைக்கும். இந்திய-பசிபிக் வட்டாரக் காடுகளில் ஹெக்டருக்குச் சராசரியாக சுமார் 1,000 டன் என்று 2011ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணைத் தோண்டினால் அது வெளியே வரும்.

ஆனால் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, வண்டல். ஆறு அடைபட்டால் வண்டல் வரத்து குறையும். இரண்டு, பின்வாங்க இடம். கடல் ஏறும்போது காடு நிலத்தின் பக்கம் நகரப் பார்க்கும். பின்னால் சுவரோ சாலையோ இருந்தால் எங்கே போகும்? கடலுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கும். 2020லிருந்து கடலோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றுள்ள பொதுப் பயனீட்டுக் கழகம் கரைகளைத் திட்டமிடும்போது, எங்கே சுவர், எங்கே சேறு என்பது பெரிய கேள்வியாக இருக்கும்.

அண்டை வீட்டையும் மறந்துவிட முடியாது. ஜொகூர் நீரிணை இரு நாட்டுக்கும் பொது. 1924ல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரிணையின் நடுவே நீரோட்டத்தைத் தடுத்தது. மேற்குப் பக்கம் மறுகரையில் உள்ள சுங்கை பூலாய் கழிமுகம், 9,126 ஹெக்டர் பரப்பில், 2003ல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு கரையில் விடும் கழிவோ, கொட்டும் மணலோ மறுகரையைப் பாதிக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பறவைக்கும் மீனுக்கும் கடப்பிதழ் கிடையாது.

நாம் என்ன செய்யலாம்?

*போய்ப் பாருங்கள்.* சுங்கை பூலோவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை திறந்திருக்கும். வலசைப் பறவைகளுக்குச் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

*அலை நேரம் பார்த்துப் போங்கள்.* பலர் இதைத்தான் கவனிப்பதில்லை. அலை ஏறும் நேரத்தில் போனால் குட்டைகளில் பறவைகள் கூடியிருக்கும். அலை இறங்கும் நேரத்தில் போனால் சேற்றில் துள்ளும் மீனும் நண்டும் தெரியும். கழிமுக முதலையும் நீர்நாயும் தென்படலாம். முதலையைப் பார்த்தால் பாதையை விட்டு இறங்காமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள்.

*வலையையும் தூண்டில் நரம்பையும் விட்டுவிட்டு வராதீர்கள்.* மண்டாய் சேற்றில் கைவிடப்பட்ட வலைகளில் குதிரைலாட நண்டுகள் சிக்கிக்கொள்கின்றன. இயற்கைச் சங்கத் தொண்டூழியர்கள் அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து விடுவித்து, எண்ணி, அளந்து பதிவு செய்து வந்திருக்கிறார்கள்.

*மரம் நட அழைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்.* "இங்கே முன்பு மரம் ஏன் இல்லாமல் போச்சு?" ஏற்பாட்டாளரிடம் தெளிவான பதில் இருந்தால் தாராளமாகச் சேற்றில் இறங்கலாம். பதில் இல்லையென்றால், அங்கே முதல் வேலை மண்வெட்டிக்கு அல்ல, அளவுகோலுக்கு.

அடைபட்ட எல்லா ஆறுகளையும் சிங்கப்பூர் திரும்பத் திறக்கப் போவதில்லை. குடிநீர் வேண்டுமே! அதனால்தான் அலை இன்னும் வந்து போகும் அந்தச் சில இடங்களுக்கு இவ்வளவு மதிப்பு. அந்தக் கதவுகளையாவது மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.